தொண்ணூற்றாறு வீடுகளும் ஐந்து தடங்களும்

மஞ்சணூத்துப் பேரூராட்சியின் ஒரே கம்ப்யூட்டரில் இடம் தீர்ந்துபோய், ஹார்டு டிஸ்க்கைச் சுருக்கினால் இரண்டு மடங்கு இடம் கிடைக்கும் என்று அந்தக் கம்ப்யூட்டரே திரையில் எழுதிக் காட்டியதை நம்பி ஆபரேட்டர் சுகிர்தா ஒரு பொத்தானை அழுத்திய வியாழக்கிழமை சாயங்காலம், ஊருக்கு வடக்கே செம்மண் மேட்டில் இருந்த பீடித் தொழிலாளர் குடியிருப்பின் தொண்ணூற்றாறு வீடுகளும் ஒரே வீடாகிவிட்டன.

சுற்றிய பீடியைக் கொடுத்துவிட்டு மறுநாளைக்கான இலைக்கட்டோடும் தூளோடும் திரும்பிய பெண்கள், வெறும் மேட்டின் நடுவே தனியாக நின்ற அந்த வீட்டைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு குழாயடியில் நிற்பதுபோல வரிசையில் நின்றார்கள். முதலில் நின்றவள் தன் கதவு எண்ணைச் சொல்லி உள்ளே போனாள். அவள் போனது அவளுடைய வீட்டுக்குத்தான், அவள் காலையில் கவிழ்த்து வைத்த பானை அங்கேதான் இருந்தது. அடுத்தவள் தன் எண்ணைச் சொன்னாள், அவளுக்கு அவள் வீடு. ராத்திரி எட்டு மணிக்குள் தொண்ணூற்றாறு குடும்பங்களும் ஒரே கதவு வழியாக உள்ளே போய், ஒருவர் தோள் ஒருவர்மேல் இடிக்காமல், அவரவர் அடுப்பில் உலை வைத்துவிட்டன.

இதில் வியக்க அதிகம் இல்லை. பழைய பதிவேடுகளில் ஒரே விவரம் திரும்பத் திரும்ப வந்தால் எழுத்தர்கள் மேற்படி என்று எழுதுவார்கள். அந்த நான்கு எழுத்தையும் எழுதக் கை வலித்தவர்களுக்காகத் தமிழில் ௸ என்று ஒரு குறியே இருக்கிறது. சுருக்குகிற நிரல் செய்வதும் அந்தக் குமாஸ்தா வேலையைத்தான். முதல் வீட்டை முழுதாக எழுதும். ஒரே வரைபடத்தில், ஒரே நீலக் கதவோடு அரசாங்கம் கட்டிக்கொடுத்த மீதித் தொண்ணூற்றைந்துக்கும் மேற்படி போடும். எந்த வீடு எதில் மாறுபடுகிறதோ அதை மட்டும் ஓரத்தில் குறித்துக்கொள்ளும். பதினான்காம் எண்ணில் தொட்டில் கொக்கி, இருபத்திரண்டில் பச்சைக் கதவு, இப்படி. தொண்ணூற்றாறு என்ற எண்ணுக்கும் தமிழுக்கும் நெடுநாள் உறவு உண்டு, சிற்றிலக்கியங்களையும் தத்துவங்களையும் அந்தக் கணக்கில்தான் அடக்கியிருக்கிறார்கள் என்பது உண்மைதான் என்றாலும், வீட்டுத் திட்ட அதிகாரி அதையெல்லாம் யோசித்து முடிவெடுத்தவர் அல்ல. மேட்டில் அவ்வளவுதான் இடம் இருந்தது.

சுகிர்தாவும் அந்தக் குடியிருப்பில்தான் இருந்தாள், ஐம்பத்தேழாம் எண்ணில். வரிசை முடிந்து கடைசியாக உள்ளே போன அவள், விளக்கைக்கூடப் போடாமல், முன்னறைக்கும் அடுப்படிக்கும் நடுவே உள்ள சின்ன நடையில் குனிந்து தரையைத் தடவிப் பார்த்தாள். ஐந்தும் இருந்தன.

அந்த ஐந்து, அவள் மகன் பெனோவின் கால்தடங்கள். குடியிருப்புக்குத் தளம் போட்ட நாளில், நடையில் பூசிய சிமெண்ட் காயும் முன், ஒன்றேகால் வயதில் அதுவரை சுவரைப் பிடிக்காமல் ஓர் எட்டும் வைத்திராத பையன், அடுப்படியில் நின்ற அம்மாவைப் பார்த்து ஈரச் சிமெண்டில் ஐந்து எட்டு நடந்துவந்து, அங்கேயே நின்று இரண்டு கையையும் தூக்கினான். அவள் அடுப்படி வாசலில் இருந்தபடியே எட்டித் தூக்கிவிட்டாள். அதனால் ஆறாவது தடம் கிடையாது. திட்டிக்கொண்டே கரணையை எடுத்த கொத்தனார் தடத்தைப் பார்த்துவிட்டு, இருந்துட்டுப் போட்டும் என்று கரணையைக் கழுவி வைத்துவிட்டார். நான்கு வயதில் மூளைக்காய்ச்சலில் மூன்று நாள் கிடந்து பெனோ போய்ச் சேர்ந்தான். நடைக்கு டைல்ஸ் ஒட்டலாமா என்று அவள் புருஷன் தங்கதுரை ஒரே ஒரு முறை கேட்டான். அவள் பதினோரு நாள் அவனோடு பேசவில்லை. அதன்பிறகு அந்த வீட்டில் டைல்ஸ் என்ற சொல் யார் வாயிலும் வரவில்லை.

ஊர் இதற்குப் பழகிக்கொண்டது, ஊர்கள் பழகிக்கொள்வதுபோல. தபால்காரர் தொண்ணூற்றாறு வீட்டுக் கடிதங்களையும் ஒரே திண்டில் வைத்துவிட்டு மத்தியானத் தூக்கத்துக்குப் போனார். வார்டு தேர்தலில் நின்றவர் ஒரே வாசலில் தொண்ணூற்றாறு தடவை கும்பிட்டு, இடுப்புப் பிடித்து ஆஸ்பத்திரியில் படுத்து, அந்த அனுதாபத்தில் ஜெயித்தார். நாற்பதாம் எண் ஆள் ஒருநாள் போதையில் எண்ணை மாற்றிச் சொல்லிப் பதினான்காம் வீட்டில் படுத்துத் தூங்கினான். வீடு ஒன்றுபோல இருந்ததால் அவனுக்குத் தெரியவில்லை, காலையில் கிடைத்த சட்னி நன்றாக இருந்ததில்தான் சந்தேகம் வந்தது. காலியான மேட்டில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். யாராவது சுவரில் ஓர் ஆணி அடித்தால் அந்த வீடு மற்ற வீடுகளிலிருந்து ஓர் ஆணி அளவு மாறுபட, பேரூராட்சிக் கம்ப்யூட்டரில் அந்த அளவு இடம் குறைந்தது. அதைக் கண்டுபிடித்த செயல் அலுவலர் கோமதிநாயகம், ஆணி, படம், வர்ணம் எதுவானாலும் முன்கூட்டி வேறுபாட்டு விண்ணப்பம் தர வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டினார். மூன்று பிரதிகளில்.

ஏழாம் மாதம் கம்ப்யூட்டர் கெட ஆரம்பித்தது.

முதலில் முப்பத்தோராம் வீட்டின் அடுப்படிக் கூரையில் புரியாத எழுத்துகள் முளைத்தன. பிறகு ஒன்பதாம் வீட்டின் பின்கதவைத் திறந்தால் எழுபத்திரண்டாம் வீட்டுக் குளியலறை வந்தது. இரண்டு குடும்பங்களும் தட்டிவிட்டுத் திறப்பது என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. ஒரு செவ்வாய்க்கிழமை அறுபத்தாறாம் எண் குடும்பம் தங்கள் எண்ணைச் சொன்னபோது ஒன்றும் நடக்கவில்லை. உரக்கச் சொன்னார்கள், மெதுவாகச் சொன்னார்கள், வீட்டுவரி ரசீதைக் காட்டிச் சொன்னார்கள். கதவு திறந்தது, உள்ளே மண்மேடுதான் இருந்தது. அன்றிலிருந்து அவர்கள் பள்ளிக்கூடத்தில் படுத்தார்கள். சுகிர்தா தினமும் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் சைக்கிளை மிதித்து வீட்டுக்குப் போய் நடையில் குனிந்து எண்ணிவிட்டு, சாப்பிடாமலே திரும்பி வந்தாள். அந்த வாரம் புதன்கிழமை எண்ணியபோது நான்குதான் இருந்தது. வியாழக்கிழமை ஐந்தாவது திரும்ப வந்தது, ஆனால் சுண்டுவிரல் இல்லாமல்.

பழைய இயங்குதளத்தை எடுத்துவிட்டுப் புதிதாக ஏற்றினால்தான் உண்டு என்று மாவட்டத் தலைநகரில் இருந்து தினகர் என்ற எஞ்சினியரை அனுப்பினார்கள். திங்கட்கிழமை பத்தரை மணி பஸ்ஸில் வந்தவருக்கு ஐந்து மணி பஸ்ஸில் திரும்ப வேண்டும். அலுவலக ஜன்னலுக்கு வெளியே குடியிருப்பே வேலைக்குப் போகாமல் தரையில் உட்கார்ந்திருந்ததை அவர் முதலில் கவனிக்கவில்லை. கம்ப்யூட்டரைத் தன் ஃபிளாப்பியில் இருந்து கிளப்பினார். சுருக்கியதைப் படிக்கத் தெரிந்த நிரல் அந்த ஃபிளாப்பியில் இல்லை. ஆகவே அவர் கண்ணுக்கு ஹார்டு டிஸ்க்கில் தெரிந்தது, மறைத்து வைக்கப்பட்ட, பெயரும் சரியாக இல்லாத, பிரம்மாண்டமான ஒரே ஒரு ஃபைல்.

குப்பை என்றார். அழிப்பதற்கான கட்டளையைத் தட்டச்சு செய்தார். உறுதிதானா என்று திரை கேட்டது. அவர் விரல் பொத்தானுக்குப் போனது. பக்கத்தில் நின்ற சுகிர்தா அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள். கையை அல்ல, விரலை.

"அதுக்குள்ளதான் சார் நாங்க இருக்கோம்."

தினகர் அவளைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், வெளியே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். விரலை மெதுவாக விடுவித்துக்கொண்டு, கட்டளையை ஒவ்வோர் எழுத்தாகப் பின்னால் அழித்தார். போன மாசம் இன்னோர் ஊர்ல இதே மாதிரி ஒரு ஃபைல் என்று ஆரம்பித்து, நிறுத்தி, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"அந்த ஊருக்கு இப்ப பஸ் போறதில்ல" என்றார்.

அதற்குப்பிறகு அவர் வேறு மனிதராக வேலை செய்தார். முதலில் சுருக்கியதை விரிக்க வேண்டும், விரித்த பிறகுதான் புதிதாக ஏற்ற முடியும், விரிக்க நாற்பது எம்.பி. காலி இடம் வேண்டும், இருப்பதோ பதினொன்று. விரிக்க இரண்டு மணி நேரம் ஆகும், நடுவில் கரண்ட் போனால் விரிந்ததும் போகும் விரியாததும் போகும். மஞ்சணூத்தில் தினமும் மூன்று மணிக்குக் கரண்ட் போகும். யுபிஎஸ் பத்து நிமிஷம் தாங்கும். கோமதிநாயகம் லைன்மேனுக்கு ஆள் அனுப்பினார். நாற்பத்து மூன்றாம் எண் லைன்மேனுக்கு மாமியார் வீடு என்பதால் அவர் கையில் குச்சியோடு டிரான்ஸ்ஃபார்மர் அடியில் போய் உட்கார்ந்துகொண்டார், கரண்ட் ஆடு மாதிரி ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்பதுபோல.

பிறகு இடம் தேட ஆரம்பித்தார்கள். செயல் அலுவலர் தாமே முன்வந்து, பதினெட்டு வருஷமாகக் கட்டப்படாத பாலத்தின் தீர்மானங்களை அழிக்கச் சொன்னார். அழித்த அதே நொடியில் ஓடைக்கரையில் இருந்த மூன்று அடிக்கல்லும், அவற்றில் பெயர் பொறித்திருந்த மூன்று பிரமுகர்களின் பெயரோடு, காணாமல் போயின. யாரும் தேடவில்லை. புதிய பஸ் நிலையம் போனது, நூலகத்துக்கு வந்த மனுக்கள் போயின, நாய்பிடி வண்டி போனது, கோமதிநாயகத்தின் ஆணி அறிவிப்பு மூன்று பிரதிகளோடும் போனது. இன்னும் போதவில்லை. வீடுகளின் வேறுபாடுகள்தான் மிச்சம்.

அவர்கள் ஒவ்வொருவராக ஜன்னலுக்கு வந்தார்கள். எண்ணைச் சொன்னார்கள், கொடுப்பதைச் சொன்னார்கள், சுகிர்தா அழித்தாள். பதினான்காம் எண் தொட்டில் கொக்கியைக் கொடுத்தது, இருபத்திரண்டு பச்சைக் கதவைக் கொடுத்தது, அறுபத்து மூன்று வாசல் கம்பியழியைக் கொடுத்தது, முப்பத்தொன்று கூரை எழுத்துகளைச் சந்தோஷமாகக் கொடுத்தது, எழுபது கல்யாணத்தின்போது சுவரில் எழுதிய இரண்டு பெயரைக் கொடுத்துவிட்டு மூக்கைச் சிந்தியது. அவள் ஒவ்வொன்றையும் அழிக்க அழிக்கப் பட்டியல் சுருங்கி, தன் எண் மேலே ஏறி ஏறி வருவதைப் பார்த்துக்கொண்டே அழித்தாள். இரண்டு மணிக்குப் பட்டியலில் ஒரே வரி மிஞ்சியது. இடம் முப்பத்தொன்பதே முக்கால்.

தினகர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த வரியைப் படித்தார். "அம்பத்தேழு. நடை. தரையில அஞ்சு பள்ளம். என்ன இது, கொத்தனார் பண்ணின தப்பா?"

ஜன்னலுக்கு வெளியே இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வேறெங்கோ பார்த்தார்கள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சுகிர்தா கையை மடியில் வைத்துக்கொண்டு, திரையில் அந்த வரிக்கு முன்னால் துடித்துக்கொண்டிருந்த சின்னக் கோட்டையே பார்த்தாள். அழி என்று யாரும் சொல்லப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அழிக்காதே என்று யாராலும் சொல்ல முடியாது என்பதும் தெரிந்தது. அறுபத்தாறாம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூட வராந்தாவில் சாக்கு விரித்துத் தூங்குவதை அவள் காலையில்தான் பார்த்திருந்தாள். அவள் விரலைப் பொத்தானில் வைத்தாள்.

ஐம்பத்தெட்டாம் எண் செண்பகவல்லி அப்போதுதான் எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். குடியிருப்பிலேயே வேகமாகப் பீடி சுற்றுகிறவள், அதைவிட வேகமாகப் பேசுகிறவள், சுகிர்தாவோடு தண்ணீர்க் குழாய் விஷயமாக நான்கு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவள். அவள் சுகிர்தாவிடம் பேசவில்லை, எஞ்சினியரிடம் கேட்டாள்.

"சார், ஒரு வீட்டுல மட்டும் இருந்தாத்தான வித்தியாசம்? எல்லா வீட்டுலயும் இருந்துட்டா?"

தினகர் காகிதத்தில் ஏதோ கிறுக்கிப் பார்த்தார். மூல வீட்டிலேயே தடங்களை எழுதிவிட்டால் அது வேறுபாடே இல்லை, கதவைப் போல, கூரையைப் போல வீட்டோடு வீடாகப் போய்விடும், தனியாக இடம் கேட்காது. ஆனால் விரிந்து வரும் தொண்ணூற்றாறு வீட்டிலும் அது இருக்கும், நிரந்தரமாக இருக்கும் என்றார். அப்படியானால் தொண்ணூற்றாறு வீட்டுச் சம்மதமும் வேண்டும் என்றார் கோமதிநாயகம். அந்த நெருக்கடியிலும் அவருக்கு ஒரு தீர்மானப் படிவம் கிடைத்தது.

அரை மணி நேரம் வெளியே சலசலப்பாக இருந்தது. பதினோராம் எண் சுடலைமணி மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. அவர் கெட்டவர் அல்ல. பெனோவின் பெட்டியைத் தோளில் சுமந்த நால்வரில் ஒருவர். அதனாலேயே மெதுவாகப் பேசினார்.

"செத்த பிள்ளையோட தடம். எங்க வீட்டுல பிள்ளை குட்டி இருக்கு. கோவிச்சுக்காத தாயி, நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவர் சொன்னதைத்தான் பாதிப்பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது, அதன்பிறகு யாரும் படிவத்துக்குக் கை நீட்டாததிலிருந்து தெரிந்தது. மணி இரண்டு நாற்பது. ஒருவர் பார்வை இன்னொருவர் பார்வையைத் தொட்டுத் தொட்டுக் கடைசியில் எல்லாப் பார்வையும் எண்பதாம் எண் மாரிச்செல்வியிடம் போய் நின்றது. அவள் ஏழு மாதம், தலைப்பிள்ளை. அவள் மாட்டேன் என்றால் அதற்குமேல் கேட்பது நியாயமில்லை. ஒரு பிள்ளைத்தாய்ச்சி வேண்டாம் என்றதை ஊரில் யார் வீட்டுக்குள் விடுவார்கள்.

மாரிச்செல்வி ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்து ஜன்னலுக்கு வந்தாள். சுகிர்தாவின் விரல் இன்னும் பொத்தானில் இருந்தது.

"எக்கா, எந்தக் கால முதல்ல வச்சான்?"

சுகிர்தாவுக்குக் கேள்வி புரிய நேரமாயிற்று. ஏழு வருஷமாகத் தினமும் எண்ணியவளுக்குப் பதில் மட்டும் உடனே வந்தது.

"வலது கால்."

"பொறவு என்ன" என்றாள் மாரிச்செல்வி. "வலது கால எடுத்து வச்சு உள்ள வாற பிள்ளைய வராதன்னு சொல்லுவாங்களா? வரட்டும்."

சுடலைமணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, புது மருமகளிலிருந்து புதுப்பால் பானை வரைக்கும் வலது காலில்தானே வீட்டுக்குள் கொண்டுவருகிறோம் என்று பொதுவாகக் காற்றிடம் சொல்லிவிட்டு, முதல் கையெழுத்தைப் போட்டார்.

மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது விரிக்க ஆரம்பித்தார்கள். திரையில் ஒரு வெள்ளைப் பட்டை இடமிருந்து வலமாக எறும்பைவிட மெதுவாக நகர்ந்தது. மூன்று மணிக்கு மின்விசிறி ஒருமுறை தயங்கியது, யுபிஎஸ் கத்தியது, டிரான்ஸ்ஃபார்மர் அடியிலிருந்து லைன்மேன் எதையோ அதட்டும் சத்தம் கேட்டது, மின்விசிறி மறுபடி வேகம் பிடித்தது. மேட்டில் முதல் வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டாம் வீடு எழுந்தது, ஓசையில்லாமல், காய்கிற சிமெண்ட் வாசத்தோடு. பிறகு மூன்றாவது. கிரிக்கெட் ஆடிய பையன்கள் ஸ்டம்புகளைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள். ஒன்பதின் பின்கதவு அதன் சொந்தக் குளியலறையைப் பார்த்துத் திரும்பியது. ஐம்பத்தேழு வரும்போது சுகிர்தா கண்ணை மூடிக்கொண்டாள். அறுபத்தாறு வரும்போது வெளியே இருந்தவர்கள் மூச்சை நிறுத்திக்கொண்டார்கள், பட்டை ஆறு நிமிஷம் அசையாமல் நின்றது, தினகர் ஃபிளாப்பியை நெற்றியில் வைத்துக்கொண்டிருந்தார், அதுவும் வந்தது. நாலு ஐம்பதுக்குத் தொண்ணூற்றாறும் வந்துவிட்டன. புதிய இயங்குதளத்தை ஏற்றுவதற்காக எஞ்சினியர் ஐந்து மணி பஸ்ஸை விட்டுவிட்டு, அன்றிரவு செண்பகவல்லி வீட்டில் சாப்பிட்டு, அவள் பேச்சையும் கேட்டார்.

எல்லா வீட்டு நடையிலும் ஐந்து தடங்கள் இருந்தன. சுண்டுவிரல் உட்பட. ஒரு வாரம் எல்லாரும் அதைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள். பிறகு மறந்துபோய் மிதித்தார்கள். பிறகு பெருக்கும்போது, துடைக்கும்போது, அந்த ஐந்தின் ஓரத்தில் மட்டும் கை தானாக மெதுவாயிற்று. வீடு வாங்க விற்க வருகிற வெளியூர்க்காரர்கள் அது எல்லா வீட்டிலும் இருப்பதைப் பார்த்து, அரசாங்கத்தின் வரைபடத்திலேயே உள்ளது என்று எடுத்துக்கொண்டார்கள். யாரும் டைல்ஸ் ஒட்டவில்லை.

மாரிச்செல்விக்குப் பெண் பிறந்தது. அடுத்த வருஷம் தை மாதத்தில் ஒரு காலை, செண்பகவல்லி அலுவலக ஜன்னலுக்கு வந்து, ஏட்டி சுகிர்தா, எண்பதுக்காரி பிள்ளை சுவரை விடுது, உன்னக் கூட்டிட்டு வரச் சொன்னா என்றாள். சுகிர்தா சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். மாரிச்செல்வி அவளை அடுப்படி வாசலில் நிறுத்திவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

குழந்தை முன்னறையில் சுவரை விட்டது. வலது காலை எடுத்து நடையில் வைத்தது; சிமெண்டில் இருந்த பள்ளம் அந்தக் காலுக்குச் சரியாக இருந்தது. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்தாவதில் நின்றது. அதற்குமேல் தரை வழவழவென்று சமமாக இருந்தது. குழந்தை தரையைப் பார்த்தது, நிமிர்ந்து பார்த்தது, இரண்டு கையையும் தூக்கியது.

சுகிர்தா வாசலில் இருந்தபடியே எட்டித் தூக்கினாள்.